ஹெலிகாப்டரில் தொடங்கி விண்வெளி வரை: மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

விண்வெளிக்குப் போக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் நம் ஊரில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லா படிச்சு இன்ஜினியரிங் எடு, இஸ்ரோவுல சேரலாம்." ராக்கெட் செய்வது பெரிய வேலை, பெருமையான வேலை. ஆனால் அதில் ஏறிப் போகிறவர்களில் நிறையப் பேர் ராணுவ விமானிகளாக இருந்து வந்தவர்கள். அவர்களிலும் போர் விமானம் ஓட்டியவர்களைத்தான் ஊருக்குத் தெரியும். ஹெலிகாப்டர் ஓட்டி வந்தவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

சுனிதா வில்லியம்ஸ் மூன்று பயணங்களில் சேர்த்து 608 நாள் விண்வெளியில் இருந்தவர். அமெரிக்கக் கடற்படையில் அவர் ஓட்டியது எச்-46 சீ நைட், கப்பலுக்குக் கப்பல் சரக்கு கொண்டு சேர்க்கும் ஹெலிகாப்டர். 2022 செப்டம்பரில் கிளம்பி ஒரே பயணத்தில் 371 நாள் தங்கிவிட்டு வந்த ஃபிராங்க் ரூபியோ, அமெரிக்கத் தரைப்படையில் பிளாக் ஹாக் பைலட், மருத்துவரும்கூட. ஆன் மெக்லைன் கயோவா வாரியர் ஓட்டியவர். 1984 பிப்ரவரியில், விண்கலத்தோடு பிணைக்கும் கயிறு இல்லாமல் விண்வெளியில் மிதந்த இரண்டாவது மனிதரான ராபர்ட் ஸ்டூவர்ட், வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் ஓட்டியவர்.

இந்த வழியில் போக நினைக்கும் மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் நிலவரம்

இந்தியாவிலிருந்து ஹெலிகாப்டர் பைலட் யாரும் இதுவரை விண்வெளிக்குப் போனதில்லை. 1984-ல் போன ராகேஷ் சர்மாவும், இந்தியாவே மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் பெயர் அறிவிக்கப்பட்ட பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா ஆகிய நால்வரும் போர் விமானப் பக்கத்திலிருந்து வந்த டெஸ்ட் பைலட்டுகள், அதாவது விமானங்களை ஓட்டிச் சோதித்துப் பார்க்கிறவர்கள். அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். ஆக, ஹெலிகாப்டர் வழியில் போகும் முதல் இந்தியர் இனிமேல்தான் வரவேண்டும். இது தெரிந்தே இறங்க வேண்டும்.

இன்னொரு விஷயம். நாசா விண்வெளி வீரர் ஆக அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். "நாசாவுக்கு அனுப்புகிறோம்" என்று சொல்லிப் பணம் கேட்கும் யாரையும் நம்பாதீர்கள். மதுரையில் பிறந்து வளரும் பிள்ளைக்கான பாதை நம் முப்படைகளில் ஒன்றின் வழியாகத்தான் போகிறது.

பத்தாவது முடித்த கையோடு

பாதை பிரியும் இடம் பதினொன்றாம் வகுப்பு குரூப். கணக்கும் இயற்பியலும் கண்டிப்பாக வேண்டும், என்.டி.ஏ. (பிளஸ் டூ முடித்ததும் சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி) வழியில் வருவதானால் வேதியியலும் சேர்த்து. பயோ-மேத்ஸ் எடுக்கலாம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பும் எடுக்கலாம், இரண்டிலும் இந்த மூன்று பாடங்கள் உண்டு. கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் எடுத்துவிட்டால் பைலட் வாசல் மூடிக்கொள்ளும். டாக்டர் கனவும் பைலட் கனவும் சேர்ந்தே இருக்கிற பிள்ளைக்கு பயோ-மேத்ஸ்தான் சரி.

இதற்கும் முன்னாலேயே தொடங்க நினைப்பவர்களுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதி நகரில் 1962-லிருந்து சைனிக் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எதுவும் குறைந்துவிடாது. அரசுப் பள்ளியில் படித்து என்.டி.ஏ. போவதற்கு எந்தத் தடையும் இல்லை.

சின்ன வேலை ஒன்றை இப்போதே முடித்துவிடுங்கள். நம் பக்கத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், சாதிச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கும். படைத் தேர்வுகளில் எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடுதான் ஒப்பிடுவார்கள். தேர்வு நேரத்தில் இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைவதைவிட இப்போதே ஒன்றாக்கி வைப்பது நல்லது.

உடம்பு: வீட்டிலேயே அளந்து பாருங்கள்

நன்றாகப் படித்து, எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத்திலும் தேறி, கடைசியில் மெடிக்கலில் கால் நீளம் போதவில்லை என்று திரும்பி வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வேதனை தேவையே இல்லை. அளவுகள் அறிவிப்பிலேயே அச்சாகியிருக்கின்றன.

விமானப்படையில் பறக்கும் பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. உட்கார்ந்த நிலையில் உயரம் 81.5 முதல் 96 செ.மீ. வரை. கால் நீளம் 99 முதல் 120 செ.மீ. வரை. தொடை நீளம் 64 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. காக்பிட்டில் பெடல் எட்ட வேண்டும், கருவிகள் கண்ணுக்கு நேராக வர வேண்டும், முட்டி இடிக்கக்கூடாது. இந்த எண்களுக்கெல்லாம் காரணம் அதுதான்.

கால் நீளத்தை எப்படிப் பார்ப்பது? தரையில் உட்கார்ந்து முதுகையும் இடுப்பையும் சுவரோடு ஒட்டி வையுங்கள். கால்களை நேராக நீட்டுங்கள், முட்டி மடங்கக்கூடாது. சுவரிலிருந்து குதிகால் வரை டேப் பிடித்துப் பாருங்கள். அதே போல் சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தால் தரையிலிருந்து உச்சந்தலை வரை உட்கார்ந்த உயரம். தொடை நீளத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பின்புறத்திலிருந்து முட்டி முனை வரை. தையல்காரர் டேப் போதும். அப்பாவோ அக்காவோ பிடித்துக்கொண்டால் சரியாக வரும். பதினாறு வயதில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்தால் பயப்பட வேண்டாம், இன்னும் வளர்ச்சி இருக்கிறது. அதிகமாகக் குறைந்தால் அதைத் தெரிந்துகொண்டு அடுத்த திட்டத்தையும் யோசித்து வையுங்கள்.

அடுத்தது கண். மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: அண்ணாநகரில் அரவிந்த் கண் மருத்துவமனை. போய், "படைத் தேர்வுக்குப் போகப்போறேன், பார்வையும் நிறப் பார்வையும் பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டுவார்கள். சிவப்பும் பச்சையும் குழம்புகிற பிள்ளைக்கு அன்றாட வாழ்க்கையில் அது தெரியவே தெரியாது. அட்டையைப் பார்க்கும்போதுதான் தெரியும். நிறப் பார்வைக் குறைக்கு மருந்தோ பயிற்சியோ கிடையாது, எனவே முதலிலேயே பார்த்துவிடுவதுதான் நியாயம். கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு என்.டி.ஏ. வழியில் பறக்கும் பிரிவு கிடைப்பது மிகக் கடினம். லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களை, டிகிரிக்குப் பிறகு வரும் வழிகளில் வயது 20 தாண்டியபின் செய்திருந்தால் சில நிபந்தனைகளோடு ஏற்கிறார்கள். அதனால் பதினேழு வயதில் அவசரப்பட்டு லேசர் செய்துகொள்ளாதீர்கள்.

பல்லுக்கும் மதிப்பெண் உண்டு, குறைந்தது 14 புள்ளி வேண்டும். சொத்தைப் பல்லைப் பிடுங்குவதற்கு முன் அடைத்துக் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். பிறகு டாட்டூ. முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டும்தான் அனுமதி. திருவிழா நேரத்தில் நெஞ்சிலும் கழுத்திலும் குத்திக்கொள்ளும் தம்பிகள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

எந்த வாசல் வழியாக உள்ளே போவது

பிளஸ் டூ முடித்ததும் போக என்.டி.ஏ. தேர்வு. அதை யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை. கணக்குக்கு 300 மதிப்பெண், பொதுத் தாளுக்கு 600, அதற்குப் பிறகு எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் நேர்முகத் தேர்வுக்கு 900. மதுரையிலேயே தேர்வு மையம் உண்டு. கட்டணம் வெறும் 100 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் இல்லை. தேர்வானால் புனே பக்கம் கடக்வாஸ்லாவில் மூன்று வருடப் படிப்பும் பயிற்சியும், எல்லாம் அரசுச் செலவு. தனியாரில் பைலட் உரிமம் வாங்கப் பல லட்சம் ஆகும். இங்கே குடும்பம் கடன் வாங்க வேண்டியதில்லை. பெண்கள் 2022-லிருந்து என்.டி.ஏ.வில் சேர்கிறார்கள், முதல் அணி 2025 மே மாதம் முடித்து வெளியே வந்தது.

தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு பயமில்லை, நம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் நன்றாகவே கைகொடுக்கும். கலைச்சொற்களை ஆங்கிலத்தில் தெரிந்துகொண்டால் போதும். பொதுத் தாளில் 200 மதிப்பெண் ஆங்கிலத்துக்கு. உழைக்க வேண்டிய இடம் அது.

கல்லூரி முடித்துப் போகிறவர்களுக்கு சி.டி.எஸ். (முப்படைக்கும் பொதுவானது), ஏ.எஃப்.கேட் (விமானப்படைக்கு மட்டும்) என்று இரண்டு தேர்வு. பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24. ஏ.எஃப்.கேட்டில் வருபவர்களுக்கு 14 வருடக் குறுகிய காலப் பணி. விண்வெளி வரை நினைப்பவர்கள் முடிந்தவரை நிரந்தரப் பணி தரும் வழியைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்தப் பாதை நீளமானது. என்.சி.சி. ஏர் விங்கில் 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்.எஸ்.பி.க்குப் போகும் சிறப்பு நுழைவு உண்டு.

உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கமெல்லாம் பட்டாளத்துக்குப் போனவர்கள் இருக்கும் வீடுகள் உண்டு. அங்கே விமானப்படையின் அக்னிவீர் வாயு என்ற அதிகாரி அல்லாத பணியில் சேர்ந்தால் பைலட் ஆகிவிடலாம் என்ற எண்ணமும் சில பேரிடம் இருக்கிறது. அது மதிப்பான பணி, ஆனால் பைலட் இருக்கைக்கு நேராகப் போகும் வாசல் அது அல்ல. பைலட் என்பவர் அதிகாரி.

கடற்படையும் தரைப்படையும்கூட ஹெலிகாப்டர் பைலட்டுகளை உருவாக்குகின்றன. கடற்படைக்கு அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி. நமக்குப் பக்கத்தில் ராமநாதபுரம் உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம். தரைப்படைக்கு நாசிக். சுனிதா கடற்படை, ரூபியோ தரைப்படை. ஆனால் ககன்யானின் முதல் நால்வரும் விமானப்படை என்பதை மனதில் வைத்துத் தேர்வு செய்யுங்கள்.

ஐந்து நாள் தேர்வு

எழுத்துத் தேர்வில் தேறியவர்களை எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பார்கள். மைசூரு மையம் கிடைத்தால் நமக்கு வசதி. தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸில் மதுரையில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம். முதல் முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள், டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதல் நாள் மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டி, அதைப் பார்த்து நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். அன்றே பாதிக்கு மேல் ஆட்களைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. மறுநாள் 60 சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் யோசிக்கப் பழகாதவர்களுக்கு இங்கேதான் கை நிற்கும். இதற்குப் பெரிய கோச்சிங் வேண்டாம். தினமும் செய்தித்தாளிலிருந்து இருபது சொற்களை எடுத்து, போனில் டைமர் வைத்து, எளிய ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். மனப்பாடமான வாக்கியங்களை அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் ஊர், உங்கள் வீடு, நீங்கள் செய்த வேலை இவற்றிலிருந்தே பேசுங்கள். வயலில் அப்பாவுக்கு மோட்டார் ரிப்பேர் செய்து கொடுத்ததும் தலைமைப் பண்புதான்.

விமானப்படைக்குக் கூடுதலாக சி.பி.எஸ்.எஸ். என்ற கணினித் தேர்வு. கை, கால், கண் மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்கிறதா என்று பார்ப்பது. வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். தோற்றால் பறக்கும் பிரிவுக்கு மறுபடி வர முடியாது. அதனால் காய்ச்சலோடோ தூக்கமில்லாமலோ போய் உட்காராதீர்கள்.

ஹெலிகாப்டர் கிடைத்தால் அழ வேண்டாம்

ஹைதராபாத் பக்கம் துண்டிகலில் உள்ள விமானப்படை அகாடமியில் பிலாட்டஸ் விமானத்தில் அடிப்படைப் பயிற்சி. அதன் பிறகு போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். ஹெலிகாப்டருக்குப் போகிறவர்களுக்கு ஹக்கிம்பேட்டையில் சேத்தக் ஹெலிகாப்டரில் பயிற்சி. பெரும்பாலான பிள்ளைகளின் முதல் ஆசை போர் விமானமாகத்தான் இருக்கும். பட்டியலில் ஹெலிகாப்டர் என்று வந்ததும் முகம் வாடிப் போகிறது. வாட வேண்டியதே இல்லை. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

ஹெலிகாப்டரில் இடது கையில் கலெக்டிவ், அது மேலே கீழே தூக்கும். வலது கையில் சைக்ளிக், அது முன்னே பின்னே பக்கவாட்டில் சாய்க்கும். கால்களில் பெடல், அது மூக்கைத் திருப்பும். கலெக்டிவை ஒரு அங்குலம் தூக்கினால் இன்ஜின் முறுக்கு கூடி மூக்கு ஒரு பக்கம் திரும்பும்; அதைப் பெடலால் பிடித்தால் வண்டி பக்கவாட்டில் நகரும்; அதைச் சைக்ளிக்கால் பிடித்தால் உயரம் குறையும்; மறுபடி கலெக்டிவ். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் மாற்ற வேண்டும். தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக வரப்பில் நடக்கிறவர் உடம்பு முழுவதாலும் சமன் செய்வதைப் போன்ற வேலை அது. தரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் அசையாமல் நிறுத்துவதுதான் புதிதாகக் கற்பவருக்கு மிகக் கடினமான பாடம்.

இன்ஜின் நின்றால்? உடனே கலெக்டிவைக் கீழே இறக்க வேண்டும். கீழிருந்து மேலே வரும் காற்றே இறக்கையைச் சுழல வைத்துக்கொண்டிருக்கும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, சுழலும் இறக்கையில் மிச்சமிருக்கும் விசையைக் கொண்டு கலெக்டிவை இழுத்து மெதுவாக இறக்க வேண்டும். அந்த விசை ஒரு முறைக்குத்தான் இருக்கும். சீக்கிரம் இழுத்தால் உயரத்திலேயே தீர்ந்துவிடும், தாமதித்தால் மோதிவிடும்.

நிலவில் இறங்குவதும் இதே குணம் கொண்ட வேலைதான். ஓடுபாதை கிடையாது, செங்குத்தாக இறங்க வேண்டும், எரிபொருள் அளந்து வைத்தது, கடைசி நொடிகளில் தூசி கிளம்பித் தரையை மறைக்கும். அப்பல்லோ காலத்தில் நிலவுக்குப் போகும் வீரர்களுக்கு ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது நாசாவின் ஆர்ட்டெமிஸ் நிலவுத் திட்டத்து வீரர்களும் கொலராடோ மலைகளில் ராணுவ ஹெலிகாப்டர்களில் இறங்கிப் பழகுகிறார்கள். போர் விமானம் ஓட்டியவர் அங்கே புதிதாகக் கற்க வேண்டியது, ஹெலிகாப்டர் பைலட்டுக்குத் தினசரி வேலை.

நம் நாட்டிலும் இந்தத் தொடர்பு கண்முன்னே இருக்கிறது. 2023 ஏப்ரலில் இஸ்ரோவின் இறக்கை கொண்ட மறுபயன்பாட்டு விண்கல மாதிரியை நாலரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போய் விட்டது விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர். 2025 ஆகஸ்ட் 24 அன்று ககன்யான் பாராசூட் சோதனைக்காக ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவான மாதிரிக் கலத்தை ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் மேலிருந்து விட்டதும் சினூக்தான்.

நமக்கு இன்னும் பக்கத்து நினைவுகளும் உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கியபோதும், 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் நெல்லையும் வெள்ளத்தில் தவித்தபோதும் வந்தவை படை ஹெலிகாப்டர்கள். விண்வெளி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வாழ்நாள் முழுக்கச் செய்யத் தகுந்த வேலை இது. நான் இந்த வழியைத் தயங்காமல் சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

டெஸ்ட் பைலட்: பாதையின் கழுத்து

ஹெலிகாப்டர் ஓட்டத் தெரிந்தவர் ஆயிரம் பேர் இருப்பார்கள். விண்வெளி வரை போனவர்களில் பலரைப் பிரித்துக் காட்டிய தகுதி டெஸ்ட் பைலட் பயிற்சி. ஸ்டூவர்ட் 1974-ல் அமெரிக்கக் கடற்படை டெஸ்ட் பைலட் பள்ளியில் ஹெலிகாப்டர் பிரிவை முடித்தவர். சுனிதா 1993-ல் அதே பள்ளி. 2025 செப்டம்பரில் நாசா எட்டாயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து எடுத்த பத்துப் பேரில் ஒருவரும் தரைப்படை ஹெலிகாப்டர் டெஸ்ட் பைலட்.

இந்தியாவில் இதற்கான இடம் பெங்களூரில் இருக்கிறது: விமானப்படை டெஸ்ட் பைலட் பள்ளி. விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. ஏறக்குறைய ஒரு வருடம். ஒரு புது ஹெலிகாப்டரை எந்த எல்லை வரை கொண்டுபோகலாம் என்று திட்டமிட்டு, ஓட்டிப் பார்த்து, எண்களோடு அறிக்கை எழுத வேண்டும். இங்கே மறுபடியும் கணக்கும் இயற்பியலும் வந்து நிற்கும். சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே பறந்த கணக்கு எழுதும் லாக் புத்தகத்தைச் சுத்தமாக வைத்து, பறக்கும் மணிகளைச் சேர்த்து, பயிற்றுநர் தகுதியும் வாங்கி வந்தால் தேர்வாகும் வாய்ப்பு கூடும். மேல்படிப்பையும் விடக்கூடாது: சுனிதா 1995-ல் முதுகலை முடித்தார், சுபான்ஷு சுக்லா பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் எம்.டெக்.

விண்வெளித் தேர்வின் மருத்துவச் சோதனை பெங்களூரு விண்வெளி மருத்துவ நிறுவனத்தில். முதல் நால்வருக்கு 2020 பிப்ரவரியிலிருந்து ஓராண்டுக்கு மேல் ரஷ்யாவில் பயிற்சி, பிறகு பெங்களூரில் இஸ்ரோவின் மையத்தில். வெளிநாட்டு மொழியைப் பெரிய வயதில் கற்கவும் தயாராக இருக்க வேண்டும்.

வயசுக் கணக்கு, இந்த வருடத்து வேலை

சுனிதா 1987-ல் அதிகாரியானார். முதல் விண்பயணம் 2006 டிசம்பர். சுக்லா அதிகாரியானது 2006 ஜூன். விண்வெளிக்குக் கிளம்பியது 2025 ஜூன் 25. இரண்டு பேருக்கும் நடுவில் ஏறக்குறைய 19 வருடம். இப்போது பதினாறு வயதுப் பிள்ளை இருபத்திரண்டில் அதிகாரியானால், நாற்பதை ஒட்டித்தான் அந்த வாய்ப்பு வரும். பெற்றவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு, "இன்னும் என்னாச்சு" என்று வருடா வருடம் கேட்காமல் இருப்பது பிள்ளைக்குச் செய்யும் பெரிய உதவி.

இந்த வருடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அளவுகளை எடுத்து எழுதி வையுங்கள், கண்ணைப் பார்த்துவிடுங்கள். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் ஓடுங்கள். அங்கேயே நீச்சல்குளம் இருக்கிறது, நீச்சலும் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடலில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சி பின்னால் வரும். பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேருங்கள். யு.பி.எஸ்.சி.யின் என்.டி.ஏ. அறிவிப்பு வழக்கமாக டிசம்பரிலும் மே மாதத்திலும் வரும். வந்ததும் மருத்துவத் தகுதிகள் அச்சாகியிருக்கும் பின்னிணைப்பை முதலில் படியுங்கள், விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. பழைய வினாத்தாள்கள் யு.பி.எஸ்.சி. இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன் அவற்றில் இரண்டு மூன்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். எந்தப் பாடத்தில் உதவி தேவை என்று தெரிந்துவிடும், அதற்கு மட்டும் ஆள் தேடினால் போதும்.